எரிந்தது விமானம் மட்டும்தான்

பத்து பெரண்டாம், மலாக்கா.
செவ்வாய்க்கிழமை.

பெம்பானில் குடியிருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் நல்லமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை திலகவதியின் கணவன் தம்புசாமி பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தங்கள் சர்க்கரையும் அக்காவின் முட்டி வலியும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். "நான் நலம்" என்பதை ஏதோ வழக்கத்துக்காக எழுதியதாக நினைத்துவிட வேண்டாம். இந்தத் தடவை அதைச் சாட்சியமாக எழுதியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டில் குடும்பம் கூடி, நான் இந்த வீட்டில் தனியாக இருக்கலாமா, அல்லது என் மகள் தேவிஸ்ரீயோடு ஜொகூருக்குப் போய்விட வேண்டுமா என்று முடிவெடுக்கப் போகிறீர்கள். மூத்தவர் தாங்கள், தங்கள் சொல்தான் கடைசிச் சொல். ஆகவே இந்தக் கடிதத்தை அன்றைக்கு எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்கவும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளியைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாசலில் மூன்று பொம்பா தீயணைப்பு வண்டி, ஓர் ஆம்புலன்ஸ், இரண்டு போலீஸ் மோட்டார் சைக்கிள், நடுவில் வேட்டியோடு பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் எதற்கு வந்தார்கள், யார் வரவழைத்தார்கள் என்பது காணொளியில் இல்லை. அதை ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

திலகவதி போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து தேவிஸ்ரீக்கு என்மேல் சந்தேகம். சோற்றை அடுப்பில் வைத்து மறந்துவிட்டேனாம், கார்ச் சாவியை ஐஸ்பெட்டியில் வைத்தேனாம். வைத்தேன்தான், வெயில் காலம். ஆகஸ்டு மாதம் என்னை ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த டாக்டர், கைக்கும் மூளைக்கும் சேர்த்து வேலை கொடுக்கச் சொன்னார். மறுவாரமே ஒரு பெட்டி வந்தது. உள்ளே பழைய காலத்து இரட்டை இறக்கை விமானத்தின் மாதிரி, முந்நூற்றுச் சொச்சம் துண்டுகளாக. நிஜ விமானத்தில் பதினாறில் ஒரு பங்கு. "ப்பா, இத நீங்களே முழுசா செஞ்சு முடிச்சிருங்க. முடிச்சிட்டா நீங்க தனியா இருக்கலாம், நான் வாயே தெறக்க மாட்டேன்லா," என்றாள். ஆயுத பூஜைவரை தவணை. மச்சான், அறுபத்தேழு வயதில் ஒரு மனிதன் தன் சொந்த வீட்டில் இருப்பதற்குப் பொம்மை விமானம் செய்து காட்ட வேண்டியிருக்கிறது. இருந்தும் சரி என்றேன்.

தாங்கள் அறிந்ததுதான், நான் இங்கே தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருஷம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவன். அடுத்தவர் செய்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ரிஜெக்ட் முத்திரை குத்துவதுதான் என் வேலை. அந்த முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு பொருளைக்கூடச் செய்ததில்லை என்பது பெட்டியைப் பிரித்த அன்றுதான் எனக்கே தெரிந்தது. முதல் வாரம் முழுவதும் மரக்குச்சிகளை ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்பது குச்சி அளவில் குறைவு. ரிஜெக்ட் பண்ணி ஓரமாக வைத்தேன். பிறகுதான் அந்த ஒன்பதும் வாலுக்கு உரியவை, அவை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று படத்தில் பார்த்தேன். கீழ் இறக்கையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஒட்டினேன். விமானத்தோடு ஒட்டாமல் மேசையோடு ஒட்டிக்கொண்டது. அதைக் கத்தியால் பெயர்த்ததில் மேசையும் கொஞ்சம் வந்தது. பெயர்த்து எடுத்ததைத் தலைகீழாகப் பொருத்தி, மறுபடியும் கழற்றி நேராக்கினேன். ஒருநாள் பசை விரலில் பட்டதை அறியாமல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொள்ள, கை கண்ணாடியோடு நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு மருந்து வாங்கும் நாள். கிளினிக்கில் ஒன்றரை மணி நேரம் நெற்றியில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாவம், பெரிய துக்கம் என்று ஒதுங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டு ராஜம்மாதான் கடைசியில் தேங்காய் எண்ணெய் போட்டுப் பிரித்துவிட்டாள்.

இவ்வளவையும் ஒளிக்காமல் எழுதுகிறேனே, எதற்கு? முடித்துவிட்டேன் என்பதற்காக. இந்த இடத்தைச் சபையில் இரண்டு தடவை படிக்கவும். ஆயுத பூஜைக்கு முதல்நாளே முடித்துவிட்டேன். இறக்கைகளுக்கு மெல்லிய காகிதம் போர்த்தி, இரண்டு இறக்கைக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்ட வேண்டிய கம்பிகளுக்குப் பதிலாகத் திலகவதியின் தையல் பெட்டியிலிருந்த நூலைக் கட்டினேன். யாருடைய ரவிக்கைக்கோ வாங்கிய செங்காவி நூல். ஒரு முடிச்சுக்கூட நழுவவில்லை. வெர்னியரால் அளந்தேன், பூதக்கண்ணாடியால் பார்த்தேன், என்னால் ரிஜெக்ட் பண்ண முடியவில்லை. அப்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

இனி ராஜம்மாவின் பங்கு. விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்குச் சக்கரம் இருக்குதானே?" என்றாள். இரண்டு இருக்கிறது என்றேன். "அப்ப எலுமிச்சம்பழம் வெக்காம விடலாமா? நாளைக்கு ஆயுத பூஜ. காருக்கு வெக்கிறீங்க, ஏரோப்ளேனுக்கு வெக்க மாட்டீங்களா?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் விமானத்தின் சக்கரம் ஐம்பது காசு அளவுதான். எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தால் விமானம் மலைமேல் மோதி நிற்கிறதுபோல் இருந்தது. பாசாரில் லிமாவ் கஸ்தூரி, அதான் கோலிக்குண்டு மாதிரி இருக்குமே, அந்தச் சின்னப் பழத்தில் இரண்டு வாங்கி வந்தேன். காலையில் காகிதத்தை இறுக்க இன்னொரு கோட் வார்னிஷ் பூசினேன். வாடை பெட்ரோல் கடைபோல் இருந்தது. காய்வதற்குள் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்து மெதுவாகத் தள்ளினேன். ஒரு பழம் நசுங்கியது. இன்னொரு பழத்துக்குச் சக்கரம் நசுங்கியது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாம்பாளத்தில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து நான் அடுப்படிக்குப் போயிருந்தேன். மணியை எடுக்கப் போனேன். பூஜை மணி எதற்கு அடுப்படியில் இருந்தது என்று தேவிஸ்ரீ போனில் மூன்று தடவை கேட்டுவிட்டாள். ஒரு வீட்டில் எது எங்கே இருக்கும் என்பது அந்த வீட்டுக்காரன் விஷயம். திரும்பி வந்தால் மேல் இறக்கை இல்லை. கீழ் இறக்கை போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் திரை பிடித்துவிட்டது. "ஐயோ, என் விமானம் எரியுதே!" என்று என்னையும் அறியாமல் கத்திவிட்டேன். அதை ராஜம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். கேட்டவள் 999-ஐ அழைத்து, எங்கள் தாமான் குடியிருப்பின் பெயரைச் சொல்லி, "காப்பல் தெர்பாங் தெர்பாக்கார்!" என்று அலறியிருக்கிறாள். விமானம் எரிகிறது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் விமான நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டரில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

அவர்கள் வருவதற்குள் நானே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டேன், இதையும் குறித்துக்கொள்ளவும். தலைமை அதிகாரி, சின்ன வயது மலாய்க்காரர், நல்ல மரியாதை, உள்ளே வந்து "பாக்சிக், காப்பல் தெர்பாங் மானா?" என்றார். பெரியவரே, விமானம் எங்கே என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன்? தாம்பாளத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். பிறகு, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது என் தொழில் பழக்கம். விமானி இருக்கையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பொம்மை இருந்தது. "சாத்து ஓராங்," ஒருவர், என்றேன். ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்குக்கட்டிலோடு உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். காணொளியில் எல்லாரும் சிரிக்கிற இடம் அதுதான்.

மச்சான், நஷ்டம் என்று பார்த்தால் ஒரு திரை, சாமி மேடையின் ஒரு பக்கம், சுவரில் கொஞ்சம் கரி. திலகவதியின் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தேவிஸ்ரீ, "ப்பா, வீடே போயிருந்தா? நீங்க உள்ள இருந்திருந்தா?" என்று அழுகிறாள். அவள் அழுவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜொகூரில் அவள் வீடு பதினான்காவது மாடி. அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் நான் யாரோடு பேசுவது? இங்கே ராஜம்மாவோடு சண்டையாவது போடலாம். இது நானும் தங்கள் தங்கையும் இருபத்தெட்டு வருஷம் இருந்த வீடு. இதை விட்டுப் போக எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் விமானத்தை முடித்தேன். ஒப்பந்தம் முடிப்பதற்குத்தான், முடித்த பிறகு எரியக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை. ஆகவே என் அறிவு தெளிவாக இருக்கிறது, கை உறுதியாக இருக்கிறது, இவனை இவன் வீட்டில் விட்டுவிடலாம் என்று தாங்கள் சபையில் அடித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல், கூப்பிட்ட குரலுக்கு ஆள் உள்ள வீட்டில் நூறு வயது வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
தம்புசாமி

பி.கு.: இதை மட்டும் சபையில் படிக்க வேண்டாம். மணி சாமி மேடையில்தான் இருந்தது. கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு, "திலகா, வந்து கண்ணுல ஒத்திக்க," என்று கூப்பிட்டேன். வரவில்லை. வேலையாக இருந்தால் அவள் உடனே வர மாட்டாள், தங்களுக்கே தெரியும். அடுப்படிக்குப் போய், "எத்தன தடவடி கூப்புடறது? நான் செஞ்சத வந்து பாக்கக்கூட ஒனக்கு நேரமில்லையா?" என்று சத்தம் போட்டேன். அடுப்பு அணைந்து கிடந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, மச்சான். பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் போய்த் தேடினேன். கோபத்தோடு தேடினேன். புகை வாடை வந்த பிறகுதான் அவள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. இது முதல் தடவையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்காகப் பேச வேண்டாம். தேவிஸ்ரீ சொல்வதற்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். நான் சத்தம் போடுவேன், வர மாட்டேன் என்பேன், தங்களைக்கூட ஏதாவது சொல்லிவிடுவேன். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.