அசல் பட்டில் ஒரு மின்சார மணி

என் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் பேனா மூடியை ஏழெட்டு முறை கழற்றி மாட்டிவிட்டேன். பதினான்கு வயதில் இன்னும் மோசம். வீட்டில் தறி தடதடத்துக்கொண்டே இருக்கும். அதைவிட வேகமாக எனக்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே போகிறது என்று தெரியாமல்.

அந்த வருஷம் எங்கள் பெண்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மின்சார மணி செய்வதாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். நெசவாளியான அப்பா, தறியின் ஓடத்தை நிறுத்தாமலே சொன்னார்:

"மணி அடிச்சா மேல சயின்ஸ் படி. அடிக்கலன்னா தறியில உக்காரு. இன்னாமா?"

சரி என்றேன். (அந்த வயதில் எதற்குத்தான் சரி சொல்லவில்லை!)

சயின்ஸ் டீச்சர் சொன்னது ஒரே வரி: "நூல் சுத்தின கம்பியை ஆணி மேல நெருக்கமா சுத்திக் கொண்டா."

நூலும் கம்பியுமா? வீட்டிலேயே இருக்கிறதே, ஜரிகை! பட்டு நூல், வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம் வேறு. மற்ற பெண்கள் செம்புக் கம்பிக்கு அலையட்டும் என்று அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். நெசவுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பழகிய கை அல்லவா? ஆணியில் அது உட்கார்ந்த அழகுக்கு எங்கள் ஊர் ஏகாம்பரநாதருக்கே சார்த்தியிருக்கலாம்.

"ஒரு தடவை அடிச்சுப் பாத்தியாடி?" என்றார் டீச்சர்.

"முதல் மணி சீஃப் கெஸ்ட் கையாலதான் டீச்சர்!"

சீஃப் கெஸ்ட் ஓர் இன்ஜினியர். சுவிட்சை அழுத்தினார். மணி மூச்சுவிடவில்லை. ஆணிதான் விட்டது, மெல்லிய வெண்புகையாக. தலைமுடி கருகுகிற வாடை கூடம் முழுக்கப் பரவியது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் நெசவாளிகள்; நூலைக் கொளுத்தி மோந்தே பட்டின் தரம் சொல்கிற மூக்குகள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் தீர்ப்புச் சொன்னது:

"அசல் பட்டுதான்பா! கலப்பே கிடையாது!"

கூடம் குலுங்கியது. டீச்சர் ஆணியைத் தூக்கிப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"அடிப்பாவி! நான் கேட்டது கம்பி மேல நூல். இது நூல் மேல கம்பிடீ! கம்பியும் கம்பியும் ஒட்டிக்கினா பத்திக்காம இன்னா செய்யும்?"

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கருகிய ஜரிகையைக் கையில் வாங்கினார். மோந்தார். மனசுக்குள் என் இரண்டு காலும் ஏற்கெனவே அப்பாவின் தறிக்குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தன.

"எங்க ஊட்டு ஜரிகைதான்" என்றார். பிறகு டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினார். "இவள தறிகிட்ட விட்டா ஊட்டையே கொளுத்திடுவாம்மா. நீங்களே வச்சிக்கினு சயின்ஸ் சொல்லிக் குடுங்க. செம்புக் கம்பிய நானே வாங்கியாறேன்."

மறுவாரம் மணி அடித்தது. அடித்த அடியில் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. நானும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடி, ஒரு நாள் இன்ஜினியராகி நின்றேன்.

என்ன பிரயோஜனம்? வீட்டில் ஃபியூஸ் போனால் இன்றைக்கும் ஒருவரும் என்னைக் கூப்பிடுவதில்லை. தம்பி முதல் என் மகள் வரை அத்தனை பேரும் மூக்கை உயர்த்தி, காற்றை ஒரு இழு இழுத்து, ஒரே குரலில் சொல்கிறார்கள்:

"அசல் பட்டுதான்பா!"