மூன்றாம் வகைக் கிராக்கி

வாங்குகிறவர்களை வகை பிரிக்கத் தெரிந்தவனே வணிக உலகின் சக்கரவர்த்தி. இது செங்கற்பட்டு ஜவுளி வியாபாரி நைனா முகம்மதுவின் சித்தாந்தம். முதல் வகை, வந்துபோகும் கிராக்கி. இரண்டாம் வகை, வாடிக்கை. மூன்றாம் வகை, உறவு; அது சாகும்வரை விட்டுப் போகாது.

சக்கரவர்த்தியின் கடைக்கு அந்த வாரம் வந்தவர்கள் எல்லாரும் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

இப்படியே போனால் கடையைச் சாத்திவிட்டு மச்சான் கடையில் துணி கிழிக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் மாமல்லபுரத்து மீன் வியாபாரி குப்பம்மா, மகள் கல்யாணத்துக்கு நாற்பது புடவை எடுக்க வந்தாள்.

"இன்னா வெல சொல்ற பாய்?"

"பாய் இன்னா பாய்? தம்பின்னு கூப்புடுக்கா. கூடப் பொறந்தவ கைல வெல பேசலாமா?"

குப்பம்மா கையிலிருந்த புடவையைக் கீழே வைத்துவிட்டாள். பதறிப்போன நைனா, டீயும் பன்னும் வரவழைத்தார். தின்று முடித்து, "வர்றேன் தம்பி" என்று போயே போய்விட்டாள்.

உறவு போதவில்லை! மறுவாரமே ஒரு சேர் மைசூர்பாகோடு பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனார். வஞ்சிரக் குழம்பு கிடைத்தது.

"கடைக்கு எப்பக்கா வர்ற?"

"கடை கெடக்குது. இன்னொரு துண்டம் போட்டுக்க."

இன்னும் போதவில்லை. கல்யாணப் பெண் செங்கம்மாளைக் கூப்பிட்டு, "மருமவளே, ஒனக்குத் தாய்மாமன் நான்தான்!" என்று குப்பமே கேட்க முழங்கினார். குப்பம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் மனைவி ஷஹர்பானு கேட்டாள்: "மீன் திங்கவா பஸ் சார்ஜு குடுத்துப் போனீங்க?"

"மூணாம் வகை. ஒனக்குப் புரியாது."

வியாழக்கிழமை தாயும் மகளும் நைனாவின் கடை வாசலில் ஜட்காவில் வந்து இறங்கினார்கள், இரண்டு பெரிய மூட்டைகளோடு.

"தம்பி, நாப்பது பொடவையும் எடுத்தாச்சு. நூலு நல்லதான்னு இழுத்துப் பாத்து சொல்லு."

மூட்டையின் மேல் எதிர்க்கடை வாசுதேவனின் முத்திரை இருந்தது.

"இன்னாக்கா இது? நான் ஒருத்தன் இங்க குந்திகினு கீறேனே!"

"நல்லாக்கீது போ! சொந்தத்துக்குள்ள யாவாரம் வெச்சிகினா ஒறவு நெலைக்குமா?"

நைனா முகம்மது ஒரு புடவையை இழுத்துப் பார்த்தார். நல்ல நூல்தான். அதைச் சொல்லவும் சொன்னார்.

செங்கம்மாள் வெட்கத்தோடு வாய் திறந்தாள்.

"மாமா, மாமன் சீர்ப் பட்டு மட்டும் நீங்கதான் எடுத்துத் தரணும். உங்க கடைல எனக்குப் புடிச்ச கலரு இல்ல. எதிர்க்கடைல பாத்து வெச்சிட்டேன்."