பெரிய எழுத்து

கோயில் பெட்டியைக் குலுக்கி எடுத்த குறிச்சீட்டைப் பிரித்த வேகத்திலேயே மடக்கிவிட்டார் ஹிராமட்சு. 'தீமை' என்று அச்சிட்டிருந்தது.

"என்ன வந்திருக்கு சார்?" என்றாள் சவாமுரா. அவருடைய பிரிவில் நெடுங்காலமாகக் குப்பை கொட்டுகிறவள்.

"காத்துல கை நடுங்கிடுச்சு. இது செல்லாது."

காற்றே இல்லை. கோயில் ப்ளம் மரங்களில் ஒரு பூகூட அசையவில்லை.

கம்பெனியின் வக்கனாய் கிளைக்கு யாரை மாற்றுவது என்று நாளை முடிவாகும். நாட்டின் வடகோடி, பனியைத் தவிர வாடிக்கையாளர் கிடையாது. ஹிராமட்சு எழுதிக் கொடுத்திருந்தது சவாமுராவின் பெயரை. கையெழுத்துப் போடவேண்டியவர் இயக்குநர் கமியோக்கா. நல்ல நாள் பார்க்காமல் பேனா மூடியைக்கூடத் திறக்காத மனிதர். அவரும் கோயிலின் ப்ளம் பூத் திருவிழாவுக்கு வந்து, கோப்பையில் இனிப்புக் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

கெட்ட சீட்டைக் கோயிலிலேயே கட்டிவிட்டால் கெடுதல் பின்னால் வராது. ஆனால் கட்டுவதற்கான கம்பியருகே அலுவலக ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். ஹிராமட்சு பக்கத்து ப்ளம் கிளையை வளைத்தார். கிளை பூவோடு கையில் வந்தது.

"மரத்துல கட்டக்கூடாதுன்னு போர்டு இருக்கே ஐயா" என்றாள் கோயில் பணிப்பெண்.

"போர்டெல்லாம் பொதுஜனத்துக்கும்மா."

கிளையைக் கோட்டுக் கைக்குள் திணித்துக்கொண்டு மறுபடி பெட்டியைக் குலுக்கினார். 'மகா தீமை.'

"சாமி என்ன, பிரிவுத் தலைவர் என்னையே மிரட்டுதா?" என்று மறுபடி பெட்டியை நோக்கிக் கை நீட்டினார்.

"விடுங்க சார், இதுக்குக் கீழ சீட்டே இல்லை" என்ற சவாமுரா, தன் சீட்டைப் பிரித்தாள். 'மகா நன்மை.'

"அதை இப்படிக் கொடு. தலைவரோட அதிர்ஷ்டம்தான் பிரிவோட அதிர்ஷ்டம்."

"தர மாட்டேன். வக்கனாய்க்கு என் பேரை எழுதுனப்போ பிரிவு ஞாபகம் வரலையா?"

"மேலதிகாரிகிட்ட பேசற பேச்சா இது?"

"இது ஆபீஸ் இல்லை சார், கோயில். இங்க நீங்களும் வரிசையில நிக்கற ஆளுதான்."

கஞ்சிக் கோப்பையோடு இயக்குநர் இந்தப் பக்கம் வருவதைப் பார்த்த ஹிராமட்சு, சீட்டைப் பிடுங்கிவிட்டார்.

"முழுசாப் படிச்சுட்டாவது எடுத்துக்குங்க."

"பெரிய எழுத்து போதும். பொடி எழுத்தெல்லாம் உன்னை மாதிரி ஆளுங்களுக்கு."

"அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது" என்று கையைக் கட்டிக்கொண்டாள் சவாமுரா.

"என்ன ஹிராமட்சு, சீட்டு எப்படி?" என்றார் இயக்குநர்.

"மகா நன்மை சார். என் கையால எடுத்தது. இதுல இருக்கறது எதுவானாலும் தலைவணங்கி ஏத்துக்குவேன்." சீட்டை நீட்டினார். கோட்டுக் கையிலிருந்து நாலு பூ உதிர்ந்தது.

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். முகம் மலர்ந்தது.

"'குடிபெயர்தல்: வடதிசை உத்தமம், தாமதம் கூடாது' — யாரை அனுப்பறதுன்னு கேட்கத்தான்யா நானே சாமிகிட்ட வந்தேன்."