லெவி ஜீப்பில் வந்த மாப்பிள்ளை

"பையன் படம் வந்து சேர்ந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்தோம். செம்பட்டிக்கு அப்பால் பாதை சரியில்லை. வண்டி கட்டி வரவும்."

குரோதி வருஷம் மாசி மாதம், அதாவது 1965இன் தொடக்கத்தில், என் மாமனார் (அன்று அவர் இன்னும் மாமனார் ஆகவில்லை) எழுதிய தபால் கார்டு இது. 'கட்டி' என்ற சொல்லுக்கு நான் உரிய மதிப்புத் தரவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவர் சொன்னது மாட்டு வண்டியை. எனக்கு அப்போது வண்டி என்றால் என் புது ஜீப் ஒன்றுதான்.

எங்கள் வெங்காயக் காட்டுக்குப் பாதை கிடையாது என்று காரணம் சொல்லித்தான் அதை வாங்கினேன். வந்த நாளிலிருந்து அதைச் சும்மா விட மனம் வரவில்லை. சாம்பல் நிறம் அடித்தேன். காக்கித் துணியில் கூடாரம் தைத்துப் போட்டேன். பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை. முன்மூடியின் மேல், எதற்கென்று எனக்கே தெரியாமல், ஒரு கொடிக்கம்பி. ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினேன். ஏறியவர்கள் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை மட்டும் எழுதவில்லை. திண்டுக்கல் கடைவீதியில் ஒரு போலீஸ்காரர் அந்த ஜீப்புக்குச் சலாம் வைத்தார். நானும் வைத்தேன். (அன்று மறுபடியும் அந்தப் பக்கம் போனேன்.)

அதில்தான் நானும் தாய்மாமனும் பெண் பார்க்கப் புறப்பட்டோம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் தவறினால் இனிக் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.

சித்தையன்கோட்டை தாண்டியதும் வாய்க்கால் தண்ணீர் பாதையில் நின்றது. "எறங்கி நடந்துருவோம் மாப்ள" என்றார் மாமா. நடக்கவா ஜீப் வாங்கினேன்? முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும் சின்னக் கம்பியை இழுத்து, அறுத்த வயலில் இறக்கினேன். வரப்பு வரப்பாகக் குதித்து, வழியே இல்லாத பக்கமாக ஊருக்குள் நுழைந்தோம்.

தெருவில் ஆள் இல்லை. கதவு சாத்தும் சத்தம் மட்டும் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பெண் வீட்டு வாசலில் ஒரு வைக்கோல் போர். அதன் அடியில் இரண்டு மூட்டைகளின் காது தெரிந்தது.

"லெவிக்காரய்ங்கன்னு நெனச்சுட்டாங்கடா" என்றார் மாமா.

அந்த அறுவடைக்கு லெவி என்று அரசாங்கத்துக்கு அளக்க வேண்டிய நெல்லைக் கேட்டு அதிகாரிகள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்கள். வந்தது ஜீப்பில். காக்கிக் கூடாரம், கொடிக்கம்பி, எல்லாம் என்னுடையது மாதிரியே.

பெண் வீட்டுக் கதவு பாதி திறந்தது. பாவாடை தாவணியில் ஒரு பெண்.

"அப்பா ஊர்ல இல்ல. நெல்லும் இல்ல."

"நெல்லுக்கு வரல. பொண்ணு பாக்க வந்திருக்கோம்" என்றார் மாமா.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்ணும் இல்ல."

கதவு மூடிக்கொண்டது.

மூன்றாவது இடமும் போயிற்று என்று நான் சக்கரத்துச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா தளரவில்லை. நடுத்தெருவில் நின்று எங்கள் ஊர், பேர், வெங்காயக் காடு எல்லாவற்றையும் ஏலம் கூறுகிறவர்போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். செத்த நேரம் கழித்து, வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து, தலையெல்லாம் வைக்கோலாக ஒருவர் எழுந்து வந்தார். கார்டை நீட்டினேன். தன் கையெழுத்தை அவர் நிதானமாகப் படித்தார்.

"வண்டி கட்டித்தானப்பு வரச் சொன்னேன்."

கொடிக்கம்பியைக் கழற்றினால் மேற்கொண்டு பேசலாம் என்றார். மாமா அந்த இடத்திலேயே ஸ்பானரை எடுத்தார். வைகாசியில் கல்யாணம். ஜீப்புக்கு மாமனார் வீட்டில் இருந்த பெயர் கடைசிவரை லெவி வண்டிதான். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இருக்கிறதா என்று கேட்டால், "வெஞ்சனமும் இல்ல, பொண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும்.

ஒன்று மட்டும் பாக்கி. 'வீட்டில் எல்லோரும்' படத்தைப் பார்த்தார்கள் என்கிறது கார்டு. அந்த எல்லோரில் என் மனைவியும் உண்டா? ஆளைத் தெரிந்துகொண்டுதான் கதவை மூடினாளா? கேட்கும்போதெல்லாம், "நான் லெவி ஆபீசரத்தான் பாத்தேன்" என்கிறாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இதை எழுதும் நாள்வரை இத்தகவல் உறுதி செய்யப்படவில்லை.