மருமகளுக்கு நான் கண்டுபிடித்த பெயர்

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டீர்கள். வெள்ளவத்தையில் பிறந்து, மீன்காரரோடும் பஸ் கொண்டக்டரோடும் சிங்களத்திலேயே சண்டை பிடித்து வளர்ந்தவன் நான். நான் வேலை செய்யும் காப்புறுதிக் கம்பனியில் எந்த மும்மொழி அறிவித்தலும் என் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். மற்றவர்களின் பிழைகளுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போடுவதில் எனக்கு ஒரு தனிச் சுகம். (அந்தச் சுகத்துக்கும் சேர்த்துத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா.)

என் தங்கை ஜெயந்திக்கு லண்டனில் வேலை. கூட வேலை செய்த ஸ்பெயின்காரர் ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்தாள். அவர் பெயர் அன்ரோனியோ. அம்மாவின் வாயில் அது முதல் நாளே அந்தோனி ஆகிவிட்டது. அதனால் எங்கள் மாடிக் கட்டடத்தில் பாதிப் பேர், ஜெயந்தி கொட்டாஞ்சேனையில் ஒரு வேதக்காரப் பெடியனைக் கட்டியிருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் லிஃப்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்த அன்றுதான் சந்தேகம் தீர்ந்தது.

முதல் பிள்ளைப்பேற்றுக்கு ஜெயந்தி வெள்ளவத்தைக்கு வந்தாள். பெண்பிள்ளை. மக நட்சத்திரம். பெயர் மா, மீ, மூ, மே ஆகிய எழுத்துகளில் ஒன்றில் தொடங்க வேண்டும் என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த அன்று ஜெயந்தி என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, பேரை நீங்கள்தான் பாக்கோணும். எனக்கு வேற ஒருத்தரிலையும் நம்பிக்கை இல்லை.”

“அதுக்கென்ன, பாத்தாப் போச்சு.”

“விளையாட்டில்லை அண்ணா. அங்க என்ர பேரை ஒருத்தரும் ஒழுங்காக் கூப்பிடுறேல்லை. லண்டனிலை ‘ஜே’ எண்டு வெட்டிப் போட்டினம். இவற்றை வீட்டிலை நான் ஹெயாந்தி. அவையின்ர பாசையிலை அந்த எழுத்துக்கு ‘ஹ’ தானாம். எனக்குப் பழகிப் போச்சு. ஆனா என்ர பிள்ளை ஒவ்வொரு நாளும் தன்ர பேரைத் திருத்திச் சொல்லிக்கொண்டு திரியக்கூடாது. அம்மாவும் கூப்பிடோணும், மாமியும் கூப்பிடோணும், லண்டன் பள்ளிக்கூடத்திலையும் கூப்பிடோணும். எல்லாரும் ஒரே மாதிரி.”

சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. ஊரில் யாராவது அவள் பெயரைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னாலே சண்டைக்குப் போன பிள்ளை, இத்தனை வருடமாக ஹெயாந்தியாக வாழ்ந்திருக்கிறாள். தாய்மாமன் நான் இருக்கப் பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனில் ஸ்பானிய மொழி படிக்கிற செயலி ஒன்றை இறக்கினேன். காலையில் பல் தீட்டும்போது ஸ்பானியம், வேலைக்குக் கந்தோர் போகிற பஸ்ஸில் ஸ்பானியம். ஒரு கிழமைக்குள் என்னை நானே மொழிபெயர்ப்பாளராக நியமித்துக்கொண்டேன்.

அம்மா முதலில் மாலா என்றா. ஸ்பானியத்தில் மாலா என்றால் ‘கெட்டவள்’. தள்ளினேன். முல்லை என்றா. அவர்கள் இரண்டு ‘எல்’ சேர்ந்து வந்தால் ‘ய’ என்பார்கள், பிள்ளை முயை ஆகிவிடும். தள்ளினேன். மேகலா என்றா. லண்டன் வாத்திமார் அதை ‘மெகா’ என்று வெட்டி, ஏதோ பெரிய அளவுச் சட்டை என்று நினைப்பார்கள் என்று தள்ளினேன். கடைசியில் அம்மா சலித்துப்போய், “அப்ப மீனா எண்டு வையுங்கோவன், ஆருக்கும் கஷ்டமில்லை” என்றா.

“அம்மா, ஸ்பானியத்திலை மீனா எண்டாச் சுரங்கம். பிள்ளைக்குச் சுரங்கம் எண்டே பேர் வைக்கிறது?”

“நீ எப்ப தம்பி ஸ்பெயினுக்குப் போனனி?” என்று கேட்டுவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டா.

பிறகுதான் அந்தப் பெயர் எனக்கு உதித்தது. மியா! ஆங்கிலத்தில் வகுப்புக்கு ஒரு மியா இருக்கிறாள். ஸ்பானியத்தில் ‘என்னுடையவள்’ என்று அர்த்தம். சொன்னதும் அன்ரோனியோ தொட்டிலுக்குள் குனிந்து, “மியா, மியா” என்று கொஞ்சினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஜெயந்தியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அம்மா மட்டும், “பூனை கத்துற மாதிரிக் கிடக்கு” என்றா.

“அம்மா, குறிலிலை சொன்னாத்தான் பூனை. நெடிலிலை சொல்லோணும். மீ...யா. ‘மீ’ எண்டாத் தமிழிலை உயர்வு. பழைய சொல்லு.”

பிள்ளையைப் பூனையிடமிருந்து காப்பாற்றிவிட்ட பெருமிதத்தில் எனக்கு அன்று இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கியது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்கும் சடங்கில் ஐயர் கேட்கும்போது நானே அறிவிப்பேன், அதுவரை வீட்டுக்கு வெளியே ஒருத்தருக்கும் மூச்சுவிடக்கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

கேக் என் யோசனைதான். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தா, நல்ல காரியம், முட்டை போடாத கேக்காக இருக்க வேண்டும். தெஹிவளைப் பக்கம் ஒரு கடைக்குப் போன் எடுத்தேன். எடுத்தது ஒரு சிங்களப் பிள்ளை. (அவளை ‘நங்கி’ என்றுதான் கூப்பிட்டேன், தங்கச்சி என்று அர்த்தம். முழுவதும் சிங்களத்தில் நடந்த சம்பாஷணை. தமிழில் தருகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.)

“கேக்கிலே என்ன போட வேணும், சேர்?”

“மீயா.”

“மீயாவா?”

“ஓம் நங்கி, மீயா. நல்ல பெரிதாக.”

“சின்னப் பிள்ளைக்கா சேர்?”

“பெண்பிள்ளை. முப்பத்தொரு நாள்.”

“அப்படியென்றால் சாம்பல் நிறம் வேண்டாம்தானே?”

“பெண்பிள்ளைக்கு யாராவது சாம்பலில் போடுவார்களா? ரோஸ் நிறம்.”

“வால் வைக்கவா?”

கடைசி எழுத்தின் கீழே சுழித்து இழுத்துவிடுவார்களே, அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். “வையுங்கள். நீளமாக, வளைந்து போகிற மாதிரி” என்றேன். கலையுணர்ச்சியுள்ள பிள்ளை என்று மனதுக்குள் மெச்சினேன்.

முப்பத்தொன்றுக்கு அன்ரோனியோவின் தாயார் ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கினார். பெயர் பிலார். அம்மாவுக்கு அது இரண்டு நாளில் ‘பிள்ளையார்’ ஆகிவிட்டது. “பிள்ளையார் சாப்பிட்டாவோ, பிள்ளையாருக்கு ஃபானைப் போட்டு விடு” என்று அம்மா சொல்ல, வந்த சொந்தக்காரர்கள் சாமியறையைத் திரும்பிப் பார்த்தார்கள். விழாவன்று ஐயர் பம்பலப்பிட்டியில் இன்னொரு வீட்டில் மாட்டிக்கொண்டார். எல்லாரும் காத்திருந்த நேரத்தில் கேக் பெட்டி வந்து சேர்ந்தது. படம் எடுக்க வேண்டும், திறவுங்கள் என்று பிலார் சைகை காட்டினார். அன்ரோனியோ நாடாவை வெட்டினார்.

உள்ளே ஒரு எலி.

எலிப் படம் போட்ட கேக் இல்லை. கேக்கே எலி. ரோஸ் நிறத்தில், பூனைக்குப் பதில் சொல்லக்கூடிய பருமனில், காதை விறைத்துக்கொண்டு படுத்திருந்தது. மீசை வேறு. வால் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மூக்கடியில் முடிந்தது. பெயர் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: “முட்டை போடாதை எண்டு சொன்னனான். எலி போடாதை எண்டு சொல்லேல்லை. அது என்ர பிழைதான்.”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. எல்லாருக்கும் முன்னால் கடைக்குப் போன் எடுத்து, வீடே கேட்கும்படி சிங்களத்தில் முழங்கினேன்: “மங் கிவ்வே மீயா கியலா! ஓயாலா எவலா தியென்னே மீயெக்!”

நான் மீயா என்று சொன்னேன், நீங்கள் அனுப்பியிருப்பது...

என் வாயால் வந்ததை என் காது அப்போதுதான் கேட்டது. சிங்களத்தில் மீயா என்றால் எலி. மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். எனக்கும் மூன்று வயதில் தெரியும். அந்த ‘மி’யை நெடிலில் இழுத்து, பூனையிடமிருந்து பிடுங்கிய பிள்ளையை நேரே எலியிடம் கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறேன்.

“ஓவ் சேர், மீயெக் தமாய்” என்றாள் நங்கி பணிவாக. ஓம் சேர், எலியேதான்.

வாசலில் ஒரு சத்தம் கேட்டது. மேல் மாடிக் குசுமக்கா. சிங்களத்தில் குசும் என்றால் பூ. ஆனால் அந்தப் பெயரின் முதல் இரண்டெழுத்தை வைத்துக்கொண்டு சின்ன வயதில் நானும் ஜெயந்தியும் லிஃப்டுக்குள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “அனே மல்லி, பபாகெ நம மீயாத?” என்று கேட்டார். தம்பி, பிள்ளையின் பெயர் எலியா? கேட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தார். பழைய சிரிப்பெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது.

ஜெயந்தி சிரிக்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் லீவுக்கு வந்து காலி வீதியிலை ‘மீயா ஓடாதை’ எண்டு கத்தினா, கடைக்குள்ள நிக்கிற சனமெல்லாம் கதிரைக்கு மேலை ஏறும் அண்ணா. உங்களை நம்பித்தானே விட்டனான்.”

வெட்கத்தைக்கூடத் தாங்கலாம், அவள் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஐயர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். கேக்கைப் பார்த்ததும், “விநாயகற்றை வாகனமும் வந்திட்டுது, நல்ல சகுனம்” என்று சொல்ல, அம்மா பிலாரைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. ஐயர் தட்டில் அரிசியைப் பரப்பினார். “நேரம் போகுது. பிள்ளைக்கு என்ன பேர்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எலியைப் பார்த்தேன்.

ஜெயந்தி பிலாரின் பக்கம் திரும்பி, “மீனா” என்றாள்.

“மீனா” என்றார் பிலார், ஒரு பிசிறு இல்லாமல். அவருடைய பெரியம்மா ஒருத்தியின் பெயரும் அதுதானாம். சுரங்கம் என்ற நினைப்பே அந்த வீட்டில் ஒருத்தருக்கும் வந்ததில்லையாம். அன்ரோனியோவும் சொல்லிப் பார்த்தார். குசுமக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். எல்லார் வாயிலும் பெயர் முழுதாக வந்தது. ஜெயந்தி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அரிசியில் பிள்ளையின் பெயரை எழுதினாள். தாய்மாமனுக்கு அன்று மிஞ்சிய உரிமை எலியை வெட்டுவது மட்டும்தான். ருசியாகத்தான் இருந்தது. வால் என் பங்கு.

மீனா இப்போது லண்டனில் பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே சிநேகிதர்கள் அவளை ‘மின்’ என்று சுருக்கிவிட்டார்கள். பிலாருக்கு அவள் ‘மினீத்தா’. அம்மாவுக்கு மீனுக்குட்டி. ஆளுக்கொரு மாதிரிக் கூப்பிடுகிறார்கள், அவளும் எல்லாருக்கும் ஓடி வருகிறாள், ஜெயந்திக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வீடியோவில் என் முகம் தெரிந்ததும் மீனா “மீயா மாமா!” என்று கத்துவாள். பின்னாலிருந்து அன்ரோனியோவும் அதையே சொல்லுவார். பிலார் புதுவருட வாழ்த்தில் அப்படித்தான் எழுதுகிறார். குசுமக்காவும், கந்தோரில் என் மேசைக்குப் பக்கத்து மேசைக்காரரும்கூட அதையே பிடித்துக்கொண்டார்கள். லண்டனில், ஸ்பெயினில், வெள்ளவத்தையில், எங்கேயும் ஒரு எழுத்துப் பிசகாமல், எல்லாரும் ஒரே மாதிரி. தங்கச்சி கேட்டது சரியாக அப்படி ஒரு பெயரைத்தான். கண்டுபிடித்தும் கொடுத்துவிட்டேன், என்ன, ஆள்தான் மாறிவிட்டது.