மூன்றே கட்டம் உள்ள படிவம்

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் அந்த அலுவலகத்தில், இளையோரின் அறிவு வளர்ச்சியை முன்னிட்டு மேலிடம் ஓர் ஆணை பிறப்பித்தது. மூத்தவர் எழுதியதை இனி இளையவர் ஒருவர் வரி விடாமல் படித்து, மூன்று பிழைகளாவது கண்டுபிடித்துப் படிவத்தில் எழுத வேண்டும். வாயால் சொல்வது கணக்கில் வராது. படிவத்தில் கட்டங்களும் மூன்றே.

குழுத் தலைவருக்குப் பதினெட்டு வருட அனுபவம். ஒரே தப்பைப் பதினெட்டு இடத்தில் செய்ததற்குத்தான் அந்தப் பெயர் என்று அவரே மனசுக்குள் சொல்லிக்கொள்வார். அவருக்கு வாய்த்தவள், சேர்ந்து ஐந்து மாதமான பெண். அவளுக்கு வேலை நிரந்தரமாவதும் ஆகாததும் அந்தப் படிவத்தின் கையில்.

பாவம், பிள்ளை திண்டாடக் கூடாதே என்று, மருத்துவமனை டோக்கன் புரோகிராமில் சுலபமான பிழைகள் மூன்றைத் தன் கையாலேயே வைத்தார். டோக்கன் பூஜ்யத்தில் தொடங்கியது. வணக்கத்துக்கு முன்னால் நன்றி வந்தது. காலையும் மாலையும் இடம் மாறின. தன் சொந்தப் பிழைகள் அவள் கண்ணில் படாது என்பது உபரி லாபம்.

அவள் மூன்று எழுதினாள். மூன்றும் அவருடைய சொந்தப் பிழைகள். கூனிக் குறுகி அவற்றைத் திருத்தியவர், தான் வைத்த மூன்றை எடுக்க மறந்தே போனார்.

மருத்துவமனையில் பூஜ்யம் டோக்கன் வாங்கியவர் மதியம் வரை உட்கார்ந்திருந்தார். திரையோ ஒன்றாம் எண்ணிலிருந்துதான் கூப்பிட்டது.

விசாரணை நடந்தது. பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தானே, வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்ற மேலாளர், அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இது உன் கண்ணுல படலையாம்மா?"

"பட்டுது சார். கட்டம் தீர்ந்துபோச்சு."

தலைவர் கடவுளை வேண்டிக்கொண்டு எழுந்தார். "சார், அதை வச்சதே நான்தான். அவ கத்துக்கட்டும்னு."

மேலாளர் ஆணையைப் புரட்டிப் பார்த்தார். "வைக்கிறதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

இனிப் பிழை வைப்போர் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்று புதிய ஆணை வந்தது. அவளுக்கு வேலை நிரந்தரமானது.

அடுத்த வாரம் அவர் அனுப்பிய புரோகிராமுக்கு இரண்டே நிமிடத்தில், குறை ஏதுமில்லை என்று பதில் வந்தது. அவள் இடத்துக்கே போனார்.

"முழுசாப் படிச்சியாம்மா?"

"நேரம் இல்லண்ணா. நான் எழுதினதைப் புதுசா சேர்ந்தவங்க நாளைக்குப் பாக்கப் போறாங்க. அதுல என்ன தப்பு வைக்கலாம்னு யோசிச்சிட்டிருக்கேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நல்லதாக இரண்டு சொல்லிக் கொடுத்தார்.