அறுபத்திரண்டாம் மாடியிலிருந்து உங்கள் அக்கா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் அக்கா நலமா என்பதை, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

போன மாதம் தொலைபேசியில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அத்தான், அந்த உயரக் கட்டடத்து உச்சிக்கு வாரம் ரெண்டு தடவை போறீங்களாமே, எந்த மாதிரி நாள்ல போனா நல்லாத் தெரியும்? லீவுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாம்னு பாக்குறேன்" என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கேட்ட கேள்விக்கு ஒன்பது பதில் சொல்பவன் என்றுதான் என் மாணவர்களிடையே எனக்குப் பெயர். அன்று ஒரு பதிலும் சொல்லாததற்குக் காரணம், தொலைபேசி இருக்கும் அறையில் உங்கள் அக்கா உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இனி எழுதுவதை அவள் காதுபடச் சொல்ல முடியாது.

முதலில் நான் அங்கே போகத் தொடங்கிய கதை. மகன் ஓராண்டுக்கான அனுமதிச் சீட்டு அனுப்பியிருக்கிறான் என்று உங்கள் அக்கா ஒரு நாள் என் கையில் உறையைக் கொடுத்தாள். ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேனாம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மூன்று மணி ஆனால் என் செருப்பு வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். "போயிட்டு மெதுவா வாங்க. அஞ்சரைக்கு மேல வந்தாப் போதும்" என்பாள். நானும் மகன் பாசத்தை எண்ணி உருகிக்கொண்டே போனேன்.

முதல் நாள், முந்தைய இரவு மழை பெய்து வானம் கழுவிய தட்டு மாதிரி இருந்தது. கீழே சீட்டுக் கொடுக்கும் இடத்தில், இன்று எவ்வளவு தூரம் தெரியும் என்று ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள். அன்று முப்பது கிலோமீட்டர். லிஃப்ட் ஒரே மூச்சில் அறுபத்திரண்டாம் மாடிக்கு ஏறியதில் காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் திறந்துகொண்டது. மேலே சுற்றிலும் கண்ணாடி, மூலைக்கு ஒரு தொலைநோக்கி. காசு போட்டால் இரண்டு நிமிடம் தெரியும், அப்புறம் படக்கென்று கண்ணுக்குள் கதவைச் சாத்திவிடும். மாப்பிள்ளை, மனித இயல்பை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். முப்பது கிலோமீட்டர் உலகம் கண் முன்னால் விரிந்து கிடக்கிறது. அங்கே வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் தேடுவது அவரவர் வீட்டு மொட்டை மாடியை. நானும் தேடினேன். நேர்கோட்டில் இரண்டு கிலோமீட்டர்தான். எங்கள் நீலத் தண்ணீர்த் தொட்டி கிடைத்தது. தொட்டிக்குப் பக்கத்தில், நான் பள்ளிக்கூட ஏலத்தில் வாங்கிப்போட்ட பழைய பெஞ்சு. பெஞ்சின்மேல் உங்கள் அக்கா, குப்புற. இரண்டு கையும் இரண்டு காலும் அந்தரத்தில் அடித்துக்கொள்கின்றன. பக்கத்தில் ஒரு பெண் பேசாமல் நின்று வேடிக்கை பார்க்கிறாள். கதவு சாத்திக்கொண்டது. சட்டைப்பை, கால்சட்டைப்பை என்று துழாவி அடுத்த காசைப் போடுவதற்குள் பெஞ்சு காலி.

வீட்டுக்கு ஓடினேன். உங்கள் அக்கா நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள்.

"முதுகு கிதுகு வலிக்குதா?" என்றேன்.

"உங்களுக்கு வலிச்சா தைலம் அலமாரியில இருக்கு."

அலமாரியைத் திறந்தேன். முழுதாக இருந்த தைலம் பாதி காலி. எனக்கு வலி இல்லை. அப்படியானால் காலியான பாதி யார் உடம்பில்?

அடுத்த தடவை நல்ல கொளுத்தும் வெயில். வெயில் நாளில் நன்றாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சூடான கூரைகளுக்குமேல் காற்று நெளியும். அதன் வழியே பார்த்தால் அசையாத சுவரும் அசையும். வகுப்பில் இதை அடுப்புக்கு மேலே ஒரு குச்சியைப் பிடித்துக் காட்டுவேன். அன்று பெஞ்சில் உங்கள் அக்கா ஆடுகிறாளா, நடுவில் இருக்கும் காற்று ஆடுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தொட்டியும் கொஞ்சம் ஆடியது. ஆகவே பாதி காற்று என்று கழித்துக்கொண்டேன். மீதிப் பாதியை எதில் கழிப்பது? பக்கத்தில் நின்றவள் யாரென்று மட்டும் அடையாளம் தெரிந்தது. எங்கள் கீழ்ப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்த பெண். விடியும் முன் வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, கழுத்தில் ஒரு கடிகாரத்தைத் தொங்கவிட்டபடி வேலைக்குப் போவாள். நாடி பார்க்கிற கடிகாரம் அது. அன்று இரவு, "கீழ இருக்கிற பொண்ணு நர்ஸா?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். உங்கள் அக்கா ஒரு கணம் தாமதித்து, "அப்படித்தான் வச்சுக்கோங்களேன்" என்றாள். அந்த ஒரு கணத்தை வைத்தே நர்ஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாம் முறை மழை. சீட்டுக் கொடுக்கும் அம்மாள், "சார், மேல மேகம்தான் இருக்கு. நாளைக்கு வாங்களேன்" என்றாள். "மேகத்துக்கு நடுவுல சந்து வரும்மா" என்று ஏறினேன். கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் நின்றேன். சந்து வந்தது. அதில் என்ன தெரிந்தது என்கிறீர்கள்? கொட்டுகிற மழையில் அதே பெஞ்சில் உங்கள் அக்கா தொப்பலாக நனைந்தபடி கைகாலை உதறிக்கொண்டிருக்கிறாள், அந்த நர்ஸ் குடையைத் தன் தலைக்குப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறாள். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான், கல்நெஞ்சுக்காரர்கள் சிலரைத் தெரியும், ஆனால் நோயாளி நனைய, தான் மட்டும் குடை பிடிப்பவளை அன்றுதான் பார்த்தேன்.

நான்காம் முறை மூடுபனி. பலகையில் பூஜ்யம் என்று எழுதியிருந்தது. அந்த அம்மாள் என் சீட்டை வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள். "சார், வீட்ல எதுவும் பிரச்சினையா?" என்றாள். "இன்னும் தெரியலம்மா, அதைப் பாக்கத்தான் போறேன்" என்றேன். உச்சியில் என்னைத் தவிர ஒரு பார்வையாளர் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. நான் எங்கள் வீட்டுத் திசையில் தொலைநோக்கியைத் திருப்பி, காசைப் போட்டு, வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காவலாளி வந்தார்.

"என்ன சார் பாக்குறீங்க?"

"என் மனைவியை."

"எங்க நிக்கிறாங்க?"

"ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. படுத்திருக்கா."

அவர் மெல்ல இரண்டடி பின்னால் போய் இன்னொரு காவலாளியைக் கூப்பிட்டார். இருவருமாக என்னைக் கண்ணாடியிலிருந்து தள்ளி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நல்லவர்கள். ஆனால் மாப்பிள்ளை, கண்ணால் பார்த்த நாட்களைவிட ஒன்றும் தெரியாத அந்த நாளில்தான் நான் அதிகம் பார்த்துவிட்டேன். அந்த வெள்ளைக்குள் ஆம்புலன்ஸ்கூட வந்து போயிற்று.

போன வெள்ளி பலத்த காற்று. லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். திரும்பி நாலு மணிக்கே வீட்டுக்குள் நுழைந்தேன். உங்கள் அக்கா சமையலறையில் அகலமான பேசின் நிறையத் தண்ணீர் வைத்து, அதற்குள் முகத்தை அமுக்கிக்கொண்டு நின்றாள். எண்ணத் தொடங்கினேன். முப்பத்தேழில் தலையைத் தூக்கினாள்.

"என்ன பண்றே?"

"மூஞ்சி கழுவறேன்."

"இவ்வளவு நேரமா?"

"அறுபத்தோரு வருஷ மூஞ்சி. நேரம் ஆகாதா?"

நேரே கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டால், எங்கிருந்து பார்த்தீர்கள் என்பாள். சன்னல் வழியே அடுத்த வகுப்பை எட்டிப் பார்த்த பையனை முட்டி போட வைத்தவன் நான். கட்டிய மனைவியைக் காசு போட்டு எட்டிப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்? அது ஒரு காரணம். இன்னொன்றையும் உங்களிடம் மறைக்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். உங்கள் வீட்டார் எல்லோரும் நோவை மறைக்கிறவர்கள். உங்கள் அப்பா படுக்கையில் விழுந்த அன்றைக்குக் காலைவரை "எனக்கென்ன, ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று உங்கள் அக்காவும் அதே குரலில் "எனக்கென்ன" என்றாள். சாப்பாடுகூட முன்னைவிட இரண்டு மடங்கு சாப்பிடுகிறாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஆகவே, இது கிடைத்ததும் கிளம்பி வாருங்கள். தற்செயலாக வந்ததுபோல் வரவேண்டும். நான் எழுதியது தெரியக் கூடாது. நீங்கள் கூப்பிட்டால் டாக்டரிடம் வருவாள். தம்பி சொல்லைத் தட்ட மாட்டாள். என்ன நோயாக இருந்தாலும் முதலில் உங்களிடம் சொல்லட்டும், நீங்கள் என்னிடம் சொல்லும்போது என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லுங்கள்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள்; ஊர் மெச்சப் படிக்காவிட்டாலும் உடம்பு நோகாமல் நூறாண்டு இருக்கட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: வர வேண்டாம். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுத் தபால் தலை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் உங்கள் அக்கா நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து நானும் அழப் போனேன். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீராம். நோய் நொடி ஒன்றுமில்லை மாப்பிள்ளை. நீச்சல். கீழ் வீட்டுப் பெண் நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லித்தருபவள். தண்ணீரில் இறங்குமுன் தரையில் கைகால் வீச்சையும் பேசினில் மூச்சடக்குவதையும் பழக்குகிறாள். "தண்ணியில எறங்கப் போறவளுக்கு மழையில என்ன குடை?" என்று கேட்டாளாம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீங்க சொல்லிக் குடுப்பீங்க."

"எனக்குத்தான் நீச்சலே தெரியாதே."

"தெரியாதுன்னா சொல்லிக் குடுக்காம இருந்துடுவீங்களா?"

கல்யாணமான புதிதில் ஒருமுறை நீச்சல் பழகணும் என்று கேட்டாளாம். நான் பொருள்கள் ஏன் மிதக்கின்றன என்று மூன்று நாள் பாடம் எடுத்தேனாம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். சீட்டை அனுப்பியதும் மகன் இல்லை, அவளே வாங்கியது. "வெளிய போங்கன்னு சொன்னா மனசு நோகும். சீட்டு வாங்கிக் குடுத்தா சந்தோஷமாப் போவீங்க" என்றாள். கொஞ்சம் நொந்தேன் என்பது உண்மை. ஆனால் இன்று மாலை பெஞ்சில் குப்புறப் படுத்தது நான். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு, "முட்டியை மடக்காதீங்க, இடுப்புலேருந்து அடிங்க" என்றாள். ஏன் மடக்கக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மூன்று காரணங்கள் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிவிட்டுக் காலை அடித்தேன். நீங்களும் ஒன்று செய்து பாருங்கள்: உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றை இன்று தங்கையிடம் சொல்லித்தரக் கேளுங்கள், அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.